உண்பவன் தரப்பு

ஆபுத்திரன் கதையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமுதசுரபி வற்றாததோடு நின்றுவிடுகிறார்கள். மணிமேகலையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாத்திரம் வேலையற்றுப் போகும் இடம். மதுரையில் சிந்தாதேவி தந்ததை வைத்து ஊர்ப்பசி ஆற்றியவன், மழை பெய்து நாடு செழித்ததும் உண்ண ஆள் தேடி அலைகிறான். சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். தான் மட்டும் உண்டு உயிர் வைத்திருக்க அவனுக்குச் சம்மதமில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இறந்துபோகிறான்.

கொடுப்பவனுக்கு உண்பவன் தேவை என்பதை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது.

என் அப்பாவுக்கு இது பிடித்திருக்காது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த யாருக்கும் சோறு உண்டு. அவர் மட்டும் எங்கும் கை நனைக்க மாட்டார். வெளியூர் என்றால் கட்டுச்சோறு. உறவுக்காரர் வீட்டில் மோர்கூட வேண்டாம் என்றுவிடுவார். மானஸ்தர் என்றார்கள். சில வீடுகளில் அதற்குக் காரணம் சாதி. மற்ற வீடுகளில், தன் கை மேலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

வடலூரில் ராமலிங்கர் 1867-இல் தருமச்சாலை தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அவர் 1874-இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்விட்டார். 1876-78 பெரும்பஞ்சம் வந்தபோது அவர் இல்லை, அடுப்பு இருந்தது. இன்றும் எரிகிறது. சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல் சோறு போடுகிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது ஒருமுறை அங்கே இறங்கிப் பந்தியில் உட்கார்ந்தேன். பையில் பணம் இருந்தது. அதனாலேயே கூச்சமாக இருந்தது. பரிமாறியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு விழ வேண்டிய இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கிழவர். மடியில் சாக்குப்பை. அதைத் தவிர அவருக்கு உடைமை இருந்ததாகத் தெரியவில்லை. என் சோறு தீர்ந்ததைப் பார்த்தார். பரிமாறியவரைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பிக்கு இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றார்.

சோறு அவருடையதல்ல. ஆனால் அந்த நேரத்தில் என்னை உபசரித்தவர் அவர்தான். ராமலிங்கரும், அரிசி கொடுத்த ஊர்க்காரர்களும், சமைத்தவர்களும் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டதால்தான் அந்தக் கிழவருக்கு அது சாத்தியமாயிற்று. புரவலன் இரவலன் என்று ஆளைப் பிரித்துவைத்தே கொடையைப் பேசிப் பழகியவர்கள் நாம். அந்தப் பந்தியில் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. வாங்கி உண்ணுகிறவனுக்கும் கொடுக்க ஏதோ மிஞ்சியிருந்தது. அதை வாங்கிக்கொள்வதைவிட இலவசச் சோற்றை உண்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்பா எத்தனையோ பேருக்குச் சோறு போட்டார். அதில் பொய் இல்லை. இன்னுங் கொஞ்சம் என்று தன்னைப் பார்த்து ஒருவர் சொல்ல மட்டும் அவர் கடைசிவரை இடம் வைக்கவில்லை.