சைகோன் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு தட்டு ஷோகேஸ் ஒன்று இருக்கிறது. மேல்தட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள், அதற்குக் கீழே நாச்சியார்கோவில் அன்ன விளக்குகள், வேளாங்கண்ணியில் வாங்கிய சங்குகள். எல்லாம் இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்தவை. காரைக்காலில் அலங்காரப் பொருள் சேர்ப்பவர்களுக்கு உப்புக்காற்றோடுதான் முதல் போராட்டம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அன்னத்தின் கழுத்து மடிப்பில் பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். புளியும் சாம்பலும் பழைய டூத் பிரஷ்ஷுமாக ஞாயிற்றுக்கிழமை உட்காருவேன். தேய்க்கத் தேய்க்கப் பித்தளையின் மஞ்சள் மேலே வருவதைப் பார்ப்பதில் இருக்கும் சுகம் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

அந்த ஷோகேஸில் வைக்க முடியாத பொருள் ஒன்று, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அது என்னுடையது இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வியட்நாமின் சைகோன் ஒரு காலத்தில் பக்கத்து ஊர் மாதிரி. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. வியட்நாமும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தபிறகு, இங்கிருந்து கணக்கு எழுதவும் கடை வைக்கவும் பட்டாளத்துக்கும் கப்பலேறிப் போனார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், குடும்பம்தான் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவுடையது. சைகோனிலிருந்து அவருடைய அப்பா கொண்டுவந்த பெட்டி அது.

வெற்றிலைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மரத்தின் மேல் ஒருவகை மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசி, காயவைத்து, தேய்த்து மெருகேற்றியது. குளத்துத் தண்ணீர் மாதிரிக் கறுப்பு. மூடியில் மூங்கில் புதர், அதன் பக்கத்தில் கிளிஞ்சல் இழைத்த ஒரு கொக்கு. ஜன்னல் பக்கம் திருப்பினால் கொக்கின் இறக்கை ஒரு கணம் பச்சை, மறுகணம் ரோஜா நிறம். சின்ன வயதில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பெரியம்மா ஒருநாளும் தடுத்ததில்லை.

2016-இல் அவர் மகனோடு பிரான்சுக்குப் போனார். பெட்டியிலிருந்த அப்பாவின் பென்ஷன் காகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, "இத நீ வச்சிரும்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்று பெட்டியை என்னிடம் கொடுத்தார். ஷோகேஸின் நடுவில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். "சைகோன் பெட்டி" என்பேன். யாருடையது என்று சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் வேப்பமரம் சாய்ந்தது, ஓட்டுச் சரிவில் கொஞ்சம் ஒழுகியது, அவ்வளவுதான். அடுத்த தை மாதம் பெரியம்மா ஊருக்கு வந்தார். வருகிறார் என்று தெரிந்த அன்றே பெட்டியைப் பீரோவுக்கு மாற்றிவிட்டேன். அவர் கேட்டதும், "புயல்ல தண்ணி எறங்கி ஊறிப்போயிடுச்சு பெரியம்மா, தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. தென்னந்தோப்பையும் வீட்டையும் பறிகொடுத்துத் தெருவில் நின்றார்களே வேதாரண்யம் பக்கத்து ஜனங்கள், அவர்களுடைய துயரத்தை ஒரு பெட்டிக்காக நான் இரவல் வாங்கினேன்.

பெரியம்மா வெறும் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பா ஞாபகமா இருந்துச்சு. போவட்டும், உங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன். அதுதான் அவருடைய கடைசிப் பயணம். 2021-இல் அங்கேயே காலமானார்.

அதற்குப்பிறகு அந்தப் பெட்டியை நான் கூடத்துக்குக் கொண்டுவந்ததில்லை. யாரும் இல்லாத மத்தியானங்களில் பீரோவைத் திறந்து பார்ப்பேன். எந்த வெளிச்சத்துக்காக அதன்மேல் ஆசைப்பட்டேனோ அந்த வெளிச்சம் படாமலே அது கிடந்தது. போன வருஷம் மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி உப்பி, கொக்கின் இறக்கையிலிருந்து நகக்கண் அளவு கிளிஞ்சல் ஒன்று உதிர்ந்தது. எடுத்துக் குங்குமச் சிமிழில் வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பெரியம்மாவின் மகள் வரும் ஆனி மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறாள். போன வாரம் அவளுக்குப் போன் போட்டேன். "அம்மாவோட சைகோன் பெட்டி எங்கிட்டதான் இருக்கு. தண்ணியில ஊறவே இல்ல. நான் பொய் சொன்னேன்" என்றேன். இதற்காகத் தயாராக வைத்திருந்த மற்ற வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மூடில அந்தக் கொக்கு இருக்கா அக்கா?" என்றாள்.

"இருக்கு. றெக்கையில ஒரு சில்லு உதிந்திருக்கு. எடுத்து வச்சிருக்கேன்."

"ஒட்டிடாதீங்க" என்றாள். "நான் வந்து பாத்துக்கறேன்."