புகைபோக்கி இல்லாத புகை

பதுளை மாவட்டத்தில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் எதுவும் இல்லை. இம்மலைகளில் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே பிறக்கின்றது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா நிலையம் 120 மெகாவாற் வலுவுடையது. அதுவும் அயலவருக்கு இடையூறு செய்யாமல் எழுந்ததன்று. அதற்கெனச் சுரங்கம் அகழ்ந்தபோது 2014 டிசெம்பரில் நீர் பெருகிக் கசியலாயிற்று. பண்டாரவளைச் சுற்றாடலிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. ஆயினும் அந்நிலையம் புகை கக்குவதில்லை. அவ்வாறிருக்க, மின்நிலையப் புகை அயலில் வாழ்வோரின் உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் ஆய்வுப் பொருளைப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன் கையிலெடுப்பது ஏன் என்று நண்பர் சிலர் வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது காரணம் எளியது. எங்கள் லயத்தில் எரியும் மின்குமிழின் ஒளியில் ஒரு பங்கு புத்தளத்துக் கடற்கரையிலிருந்து வருகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில் அமைந்துள்ள லக்விஜய அனல்மின் நிலையத்தில் தலா 300 மெகாவாற் வலுவுடைய மூன்று பிறப்பாக்கிகள் உள்ளன. முதலாவது 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் தொடக்கிவைக்கப்பட்டன. நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பல ஆண்டுகளில் அந்நிலையமே நிறைவு செய்துள்ளது. மீன்பிடியையும் வெங்காயம், மிளகாய்ச் செய்கையையும் நம்பி வாழும் அயற்கிராமத்தவரோ, தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் தம் வீடுகளினுட் புகுவதாக நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஒளியை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள, தூசியை மட்டும் ஒரு கரையோரத்தார் ஏற்றுக்கொள்வது நீதியாகுமா? அவ்வொளியில் அமர்ந்து பாடம் படித்தவனுக்கு அதன் விலையைப் பற்றிக் கேட்கும் கடமையும் உண்டு.

இரண்டாவது காரணத்தை விளக்குமுன் ஆய்வு முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். நிலக்கரி எரியும்போது கந்தகவீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், சாம்பல் ஆகியன வெளிவருகின்றன. வாயுக்களில் ஒரு பகுதி வளியில் மாற்றமடைந்து நுண்துணிக்கைகளாகின்றது. விட்டம் இரண்டரை மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளே பெருந்தீங்கு விளைப்பன. தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்களவேயான அவை மூக்கிலும் தொண்டையிலும் தடைப்படாது நுரையீரலின் அடிவரை செல்கின்றன. இவற்றின் விளைவை ஆராய்பவன் செய்யவேண்டிய பணிகள் மூன்று. மக்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கின்றனர் என அளத்தல் ஒன்று. நோயுற்றோரை எண்ணுதல் மற்றொன்று. அந்நோய்க்கு வேறு காரணங்கள் இருப்பின் அவற்றைப் பிரித்தறிதல் மூன்றாவது. மூன்றாவதே மிகக் கடினமானது. சுருட்டும் இருமலைத் தரும், தொழிலும் தரும், வறுமையும் தரும், அடுப்பும் தரும். இருமலைக் கேட்டு, அது எந்தப் புகையின் பயன் என எவராலும் கூறிவிட இயலாது.

இத்துறையின் பெருஞ்சான்றாகக் கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் எழுபதுகளின் நடுப்பகுதியில் தொடங்கிய ஆறு நகரங்களின் ஆய்வாகும். எண்ணெய் நெருக்கடி காரணமாக மின்நிலையங்கள் மீண்டும் நிலக்கரியை நாடக்கூடும் என்ற கவலையே அதற்கு வித்திட்டது. 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து அவதானித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். புகை மிகுந்த ஸ்ரூபன்வில் நகரின் இறப்பு வீதம், தூய காற்றுடைய போட்டேஜ் நகரினதைவிட 26 சதவீதம் உயர்ந்திருந்தது. புகைபிடித்தல் முதலானவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நிலைத்தது. தொழில் நிறுவனங்கள் அம்முடிவை எதிர்த்து வாதிட்டன. தரவுகள் வேறு ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்டு மீளக் கணிக்கப்பட்டபோது, 2000ஆம் ஆண்டில் அது உறுதியாயிற்று.

எனினும் அவ்வாய்வின் வேறொரு பகுதியே என்னை மிகவும் ஈர்த்தது. ஆய்வாளர் தம் அளவுகருவிகளை வீதியில் மட்டுமன்றி வீடுகளினுள்ளும் வைத்தனர். மனிதர் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டினுள்ளேயே அல்லவா? அங்குள்ள காற்று, பல வேளைகளில் வெளிக்காற்றினும் கெட்டிருக்கக் கண்டனர். மின்நிலையத்தை நோக்கிப் புறப்பட்ட ஆய்வு வீட்டினுள்ளும் நுழைந்துவிட்டது. இதனைப் படித்தபோதுதான் எங்கள் லயத்து அடுக்களையை நான் வேறொரு கண்ணாற் பார்க்கலானேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றும், முன்புறத்து இஸ்தோப்பும். இஸ்தோப்பின் ஒரு பக்கத்தை மறைத்து அடுப்படியாக்கியிருப்பர். கவாத்து மிலாறும் காய்ந்த சவுக்குக் கிளைகளுமே விறகு. புகைபோக்கி இல்லை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்தே புகைக்கு வழி. ஊவாவில் ஆடி, ஆவணியிற் கச்சான் வீசும் காலத்தில் கதவு திறந்து கிடக்கும். புகையும் ஓரளவு வெளியேறும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி மலையெங்கும் பனிமூட்டம் இறங்கிவிட்டால், கதவை அடைத்துக்கொண்டு ஈர விறகை ஊதுவர். அக்காலத்து இருமலைப் பனியால் வந்தது என்பர்.

லயத்துக்குச் சற்று அப்பால் ஸ்டோர். அங்கும் விறகே எரிகின்றது. ஆயின் அதன் உலையிலிருந்து புகை உயர்ந்த புகைபோக்கி வழியே மேலே செல்லும். தேயிலையை உலர்த்தும் சூடான காற்றிற் புகை கலவாதபடி பொறியமைப்பு உண்டு. கொழுந்திற் புகைமணம் ஏறினால் ஏலத்தில் விலை போகாது. கொழுந்துக்கு அளிக்கப்பட்ட இக்காப்பு, அதனைக் கொய்தவளின் நெஞ்சுக்கு இன்றுவரை முழுமையாக அளிக்கப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்திற் குஜராத்துக் கிராமங்களின் அடுப்படிகளில் அளவுகருவியுடன் அமர்ந்தவர் கேர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர். 2020இற் காலமான அவர், இந்நிலையை ஒரு கணக்கால் விளக்கினார். வீட்டினுள் வெளிவிடப்படும் ஒரு கிராம் மாசு, வெளியே விடப்படும் ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஒருவரது நுரையீரலை அடையக்கூடியது. உயர்ந்த புகைபோக்கி பெருந்தொகைப் புகையைத் தொலைவிற் பரப்புகின்றது. அடுப்போ சிறிதளவு புகையை முகத்துக்கு நேரே தருகின்றது. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகாற் சமைத்தன.

விடுமுறையொன்றில், நாட்பட்ட மார்புச்சளி நோயைக் கண்டறிய வைத்தியர் கேட்கும் வினாவை என் அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு மூன்று மாதங்களாவது, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், பெரும்பாலான நாட்களிற் சளியுடன் இருமல் உண்டா என்பதே அவ்வினா. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்திலும் பள்ளியிலும் விட்டு, முப்பது ஆண்டுகள் மலைக்குச் சென்றவர் அவர். "இல்லியே தம்பி" என்றார். கூறும்போதே இருமினார். இதென்ன என்று கேட்டேன். "இது அடுப்பு இருமல். சீக்கு இருமல் இல்ல. இந்த லயத்துல யாருக்குத்தான் இது இல்ல?" என்றார்.

இவ்விடையின் பொருளை ஆய்வாளர் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். எல்லாருக்கும் உள்ள துன்பம் நோய் என்னும் பெயரைப் பெறுவதில்லை. வினாத்தாளில் "இல்லை" என்பதற்கு எதிரே இடப்படும் கோடு, நலத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றது. நுரைச்சோலையிலும் இது நிகழாதென்பதற்கு உறுதியில்லை. அங்கும் பல வீடுகளில் விறகடுப்பு உண்டு. புகைபோக்கிக்கு உரியவர் அயலவரின் இருமலை அடுப்பின் தலையில் ஏற்றிவிட இது வாய்ப்பளிக்கும். அடுப்பை அளக்காத ஆய்வு இவ்வாதத்துக்கு மறுமொழி கூற இயலாது நிற்கும். மறுபுறத்தில், மின்நிலையத்தைக் கண்டித்து எழுதும் கற்றோர், அடுப்பங்கரையைப் பெண்களின் தனிப்பட்ட விடயமாகக் கருதி விட்டுவிடுதலும் உண்டு. பழிசுமத்த ஒருவர் கிடைக்கும் இடத்தில் மட்டுமே நம் சினம் எழுகின்றது. புகைபோக்கி இல்லாத புகைக்குப் பொறுப்பாளியும் இல்லாமற் போகின்றார்.

இலண்டன் மாநகரின் வரலாறு இதற்கு வேறொரு வழி காட்டுகின்றது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை அந்நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என முதலிற் கணித்தனர்; பிற்கால ஆய்வுகள் அத்தொகையை 12,000 அளவில் வைக்கின்றன. மின்நிலையங்களின் புகையும் இலட்சக்கணக்கான வீட்டடுப்புகளின் புகையும் அங்கு ஒன்றாய்க் கலந்திருந்தன. 1956இல் இயற்றப்பட்ட தூயகாற்றுச் சட்டம் ஆலைகளோடு நில்லாது வீடுகளின் அடுப்பையும் நாடிச் சென்றது. அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து வழங்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அடுப்புப் புகையும் அரசின் பொறுப்பே என்பதை ஒரு நாடு சட்டத்தால் ஏற்றுக்கொண்ட செய்தி இது. லயங்களைக் கட்டியோர் அந்நாட்டினரே என்பதையும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

அடுப்பை மாற்றினால் அனைத்தும் சீராகிவிடும் என்று கூறவும் நான் துணியேன். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. அவர்களுட் பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. விறகடுப்பிற் சமைத்தோர் கனமீற்றருக்கு ஏறத்தாழ 70 மைக்கிரோகிராம் நுண்துணிக்கையைச் சுவாசிக்க, இவர்கள் சுவாசித்தது 24 அளவிலேயே. ஆயினும் பிறந்த குழந்தைகளின் நிறையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தோட்டத்துத் தாய்க்கு நல்ல காற்றுடன் நல்ல உணவும் ஓய்வும் வேண்டும் என்பதே நான் இதிற் கற்ற பாடம். எரிவாயுவும் உறுதியான துணையன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கொள்கலனுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் பலர் விறகுக்கே திரும்பினர். நாட்கூலியில் வாழும் குடும்பம் ஒன்று, காசு கொடுத்து வாங்கும் எரிபொருளை அத்துணை எளிதில் நம்பிவிடாது.

ஆகவே பல்கலைக்கழகத்தார் செய்யக்கூடியது யாது? நுரைச்சோலையிற் காற்றுக்கு எதிர்ப்பக்கத்து ஊரையும் காற்று வந்து மோதும் ஊரையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் விறகெரிக்கும் வீடுகளையும் எரிக்காத வீடுகளையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். விறகெரிக்காத வீட்டிலும் காற்றடிக்கும் மாதங்களிற் சுவாச நோய் மிகுமானால், அடுப்பின்மேற் பழிபோட எவராலும் இயலாது. அதே கருவியைப் பதுளைக்கும் கொணர்ந்து, கச்சான் காலத்திலும் மழைக்காலத்திலும் லயத்து அடுப்படிகளில் வைத்தல் வேண்டும். நுண்துணிக்கை ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராமை மேவலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது; இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 25. இவ்வெண்கள் வெளிக்காற்றை அளக்கும் கூடங்களோடு நின்றுவிட்டால் அடுப்படியில் நிற்பவளுக்கு அவற்றாற் பயனில்லை.

அளந்து பெற்றதை அம்மக்களுக்கே, அவர்களது மொழியில், பிரட்டுக்களத்தில் நின்று எடுத்துக் கூறுதலும் ஆய்வின் ஒரு பகுதியே. தம் இருமலுக்கு அளவும் காரணமும் உண்டு என அறிந்தோர், புகைபோக்கியுள்ள வீட்டைச் சலுகையாக அன்றி உரிமையாகக் கேட்பர். தோட்டங்களில் எழும் புதிய வீடுகளிலும், பழைய லயங்களைத் திருத்தும் வேலைகளிலும் அடுப்படியின் வரைபடமே முதலில் நோக்கப்படவேண்டும் எனத் தொழிற்சங்கங்களும் வாதாட இயலும். மின்நிலையப் புகையை ஆராயப் புகுந்தவன் பதுளைக்குத் திரும்பி வந்ததன் காரணம் இதுவே.