அச்சு முறியவில்லை!

திரிபுரம் எரிக்கப் போன சிவபெருமானின் தேருக்கே அச்சு முறிந்த ஊர் அச்சரப்பாக்கம் என்பது புராணம். அங்கேதான், காபிக்காக நிறுத்திய எங்கள் பழைய எஸ்.யு.வி. வண்டியும் மறுபடி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம்தான். உச்சி வெயில். உள்ளே, பிரசவத்துக்கு அழைத்து வரும் எட்டு மாதக் கர்ப்பிணி மகள். என் மனம் எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

"பாட்டரி போச்சு, அம்மா, புதுசு போடணும்" என்றார் மெக்கானிக். இவரோ பர்ஸைத் திறந்தேவிட்டார்!

"மீட்டர் வைத்துப் பாருங்களேன், தம்பி" என்றேன். 12.5 வோல்ட்! முழுக்கச் சார்ஜ் ஏறிய பாட்டரியே 12.6 தான் காட்டும். அப்படியானால் கோளாறு வேறிடத்தில். குனிந்து பார்த்தால், பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எர்த் கம்பியும் லொடலொடவென்று ஆடியது. காபிக் கடையில் வெந்நீரும் ஆப்பச் சோடாவும் கேட்டு வாங்கினேன். மைனஸ் கம்பியை முதலில் கழற்றி, முனைகளைத் தேய்த்துக் கழுவி, துடைத்து முடுக்கியதும் எஞ்சின் உறுமியது. ஓடும்போது மீட்டர் 14 காட்டினால் ஆல்டர்னேட்டரும் சுகம் என்று அர்த்தம். காட்டியது.

பழைய வண்டி வாங்கும் சகோதரிகளே, இன்னொன்று. முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பெட்டிக்கும் கூடுதல் விளக்குக்கும் ஒட்டுப் போட்ட கம்பிகள், வண்டி சும்மா நிற்கும்போதும் இராவெல்லாம் பாட்டரியை உறிஞ்சக்கூடும். எங்கள் வண்டியில் அப்படி மூன்று இருந்தன. ஊர் வந்து சேர்ந்த மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிரித்தாயிற்று.