பழைய வைஃபை கருவியும் வீட்டுக்கு வருவோரும்

ஓர்ஸ் ஹில்லில் உள்ள எமது வீடு பழைய காலத்துக் கட்டடம். சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. முன் விறாந்தையில் இருக்கும் ரவுட்டரின் அலை சமையலறையைச் சென்றடைவதற்குள் இளைத்துவிடும். கனடாவிலிருந்து மகள் அழைத்தால் மனைவி தொலைபேசியுடன் விறாந்தைக்கு வந்தாகவேண்டும். அங்கேதான் என்னைத் தேடி வருபவர்களும் அமர்ந்திருப்பார்கள். அவர்களிற் சிலர் பிறர் காதில் விழக்கூடாத செய்திகளுடன் வருபவர்கள். எனவே இதை வெறும் வசதிக் குறைவு என்று ஒதுக்க முடியவில்லை.

கொழும்பில் புதுப்பிக்கப்பட்ட ஒரு விடுதியிலிருந்து கழற்றி விற்கப்பட்ட கருவியொன்று கைக்கு வந்தது. சிஸ்கோ ஏரோநெட் 2602 என்பது அதன் பெயர். 2012இல் சந்தைக்கு வந்த வகை. "பெரியப்பா, இது கந்தோருக்கு வைக்கிற சாமான். வீட்டுக்கு என்னத்துக்கு?" என்றான் பெறாமகன். கேள்வி நியாயமானதுதான். இத்தகைய கருவிகள் மிகுந்த வலுவோடு ஒலிபரப்புபவை என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் பயன் சிறிதே. ஒலிபெருக்கி எவ்வளவு உரத்துப் பேசினாலும், எதிரே இருப்பவரின் முணுமுணுப்பு அதற்குக் கேட்காவிட்டால் உரையாடல் நடக்காது. கைத்தொலைபேசி முணுமுணுக்கும் சாதி. அந்த முணுமுணுப்பைக் கேட்க இக்கருவியில் நான்கு காதுகள் உள்ளன: நான்கு வாங்கிகள். தடித்த சுவர் வீட்டுக்கு வேண்டியது இதுவே.

பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடன் அது வேலை செய்யாது. விடுதிகளில் இவை ஒரு கட்டுப்பாட்டுக் கருவியின் கீழ் இயங்குபவை. அதன் கட்டளையின்றி வாய் திறவா. மின் கொடுத்து, கொன்சோல் கம்பியைக் கணினியில் பூட்டி, 9600 வேகத்தில் திரையைப் பார்த்தோம். கருவி தன் பழைய எசமானின் முகவரியைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. விடுதியின் எந்த மாடியில் தொங்கியது என்பதுகூட அதன் பெயரில் இருந்தது. மருந்து எளிது. 'மோட்' பொத்தானை அழுத்தியபடியே மின் கொடுத்து, சுமார் 20 விநாடிகளில் விளக்கு சிவந்ததும் விரலை எடுத்தால், அது தன்னை 10.0.0.1 என அழைத்துக்கொண்டு, கணினியில் நாம் ஆயத்தமாக வைத்திருக்கும் தன்னிச்சை மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும். கோப்பின் பெயர் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஏற்காது. ஏறிய பின்னரும் வானொலிப் பகுதி அணைந்தே இருக்கும். நாமே கட்டளையிட்டு அதை எழுப்பவேண்டும்.

மின்சாரமும் இணையமும் ஒரே கம்பியில் போகின்றன. கீழே உள்ள சிறு பெட்டி 48 வோல்ட் அளவில், அதிகபட்சம் 15.4 வாட் அனுப்புகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் வெட்டப்பட்ட நாட்களை மறக்காதவர்களுக்கு இதன் அருமை புரியும். ரவுட்டருக்கும் இதற்கும் சேர்த்து ஒரே பற்றரி போதும்.

துறைமுகத்து ராடார்கள் இடையூறு செய்யாவா என்று நண்பரொருவர் கேட்டார். கப்பல்களின் வழமையான ராடார்கள் 3, 9 கிகாஹேர்ட்ஸ் வட்டாரங்களில் இயங்குபவை, வைஃபை 2.4இலும் 5இலும் இயங்குவது. ஆயினும் வேறு சில ராடார்கள் 5இலும் உண்டு. அவற்றின் ஒலி கேட்டால் வைஃபை கருவி இடத்தைக் காலி செய்யவேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு உட்படாத 36 முதல் 48 வரையான அலைவரிசைகளில் ஒன்றைத் தெரிந்தோம்.

இவையெல்லாம் ஒரு பிற்பகல் வேலை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் பிறகு திரையில் ஓடிய வரிகள். பெறாமகனின் தொலைபேசி இணைந்ததும், அதன் வன்பொருள் முகவரி நேரத்துடன் பதிவாயிற்று. அவன் முற்றத்துக்குப் போய்த் திரும்பியபோது இன்னொரு வரி. யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று கூரையில் ஒன்று குறித்துக்கொண்டிருக்கிறது!

விடுதிப் பதிவேடு என்ன செய்யும் என்பதை எம்மவர் அறிவர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இந்த ஊரில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்டபோது, அவர்கள் துப்பாக்கிச் சூட்டிலேயே இறந்தனர் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். எந்தச் செய்தி யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பைப் பேணாதிருக்க நாங்கள் அப்படிப் பழகியவர்கள்.

புதிய தொலைபேசிகள் உண்மை முகவரியை மறைக்கின்றன என்பது உண்மை. அண்ட்ரொய்ட் 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் ஒவ்வொரு வலைக்கும் ஒரு புனைபெயர் தருகின்றன. ஆனால் ஒரே வலைக்குப் பெரும்பாலும் அதே புனைபெயரையே தருவதால், அடிக்கடி வருபவர் அடிக்கடி வருபவராகவே பதிவேட்டில் தெரிவார். எனவே பதிவின் தரத்தை 'எச்சரிக்கை' அளவுக்குக் குறைத்தோம். வருகைக் குறிப்புகள் அதற்குக் கீழான படியைச் சேர்ந்தவை, இனிப் பதிவாகா. வேறு கணினிக்குப் பதிவுகளை அனுப்பும் வழியையும் அடைத்தோம். ரவுட்டருக்கும் ஒரு பதிவேடு உண்டு, அதிலும் கைவைத்தாயிற்று.

தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்த கருவி இது. இனி ஓட்டை கண்டால் அடைப்பார் இல்லை. 2017 ஒக்டோபரில் 'கிராக்' குறைபாடு வெளியான பின்னர் வந்த மென்பொருளையே ஏற்றினோம். இணையப்பக்கம் வழியாக நிர்வகிக்கும் வசதியை மூடினோம். வெளியுலகின் கதவு ரவுட்டரே என்பதால், புதிதாகவும் தொடர்ந்து பராமரிக்கப்படுவதாகவும் இருக்கவேண்டியது அது. பழையது அலையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

விற்றவரிடம் இன்னும் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்றை வாங்க விரும்பும் சக செய்தியாளர் விலையைக் கேட்டார். பதிவேட்டை எப்படி நிறுத்துவது என்பதை முதலில் சொல்லிவிட்டு, விலையைப் பிறகு சொன்னேன்.