பலகையில் இல்லாத பெயர்

வாஷிங்டன் டி.சி.யில் டைடல் பேஸின்னு ஒரு நீர்த்தேக்கம். 1912-ல் ஜப்பான் அனுப்பிய செர்ரி மரங்கள் வசந்தம் வந்தால் பூத்துக் கொட்ட, கரையெல்லாம் பிங்க் மயம். எல்லோரும் கேமராவை மரத்துப் பக்கம் திருப்புவாங்க. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, நீங்க மட்டும் இண்டிபெண்டன்ஸ் அவென்யூவைத் தாங்குகிற பாலத்தைப் பாருங்க. 1943-ல் அதைக் கட்டியவர் ஒரு காலேஜ் ஃபுட்பால் பிளேயர்!

பெயர் ஆர்ச்சி அலெக்ஸாண்டர். ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கிட்டு முட்டி மோதுற அமெரிக்க ஆட்டம். அயோவா யுனிவர்சிட்டி டீமில் மூணு வருஷம் டேக்கிள். எதிராளியை மறித்துத் தள்ளுற வேலை. 'அலெக்ஸாண்டர் தி கிரேட்'னு பட்டப்பெயர் வேற. ஆனால் கறுப்பர் என்பதால் 1910-ல் மிசௌரி டீமுக்கு எதிரா மட்டும் அவரை இறக்க முடியலை.

கறுப்பர் இன்ஜினீயராகிப் பிழைக்க முடியாதுன்னு காலேஜிலேயே புத்தி சொன்னாங்க. மனுஷன் கேட்கலை. செர்ரி மரங்கள் வந்த அதே 1912-ல் டிகிரி வாங்கினார். டெமாய்ன் நகரத்தில் ஏறி இறங்கின கம்பெனியெல்லாம் கைவிரிக்க, மார்ஷ் கம்பெனியில் மணிக்கு 25 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார். கையில் டிகிரி, வேலை சித்தாளுக்கு! ரெண்டே வருஷத்தில், 1914-ல், சொந்தக் கம்பெனி. 1920-களில் அதே யுனிவர்சிட்டிக்கு அயோவா ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டவரும் இவர்தான். புத்தி சொன்னவங்க ஹீட்டருக்கான நீராவி அது வழியாத்தான் போச்சு. 1929-ல் மாரிஸ் ரெபாஸை பார்ட்னரா சேர்த்துக்கிட்டார். ரெபாஸ் வெள்ளைக்காரர், பழைய டீம்மேட். கிரவுண்டில் பக்கத்தில் நின்றவர் போர்டிலும் பக்கத்தில்: 'அலெக்ஸாண்டர் அண்ட் ரெபாஸ்'. அன்றைய அமெரிக்காவில் இது லேசுப்பட்ட விஷயமில்லை. வேலையாட்களிலும் கறுப்பர், வெள்ளையர் கலந்துதான்.

பேஸினிலிருந்து ஜார்ஜ்டவுன் பக்கம் போனால், கே ஸ்ட்ரீட்டுக்கு மேலே தூண்கள் மீது முக்கால் மைல் ஓடுகிற ஒயிட்ஹர்ஸ்ட் ஃப்ரீவே. 1949-ல் திறந்தது. அதையும் இவர் கம்பெனிதான் கட்டியது. அழகுன்னு சொல்ல மாட்டேன். ஆற்றைப் பார்க்கவிடாமல் குறுக்கே நிற்கிற இரும்பு.

ஒயிட்ஹர்ஸ்ட், நகரத்தின் நெடுஞ்சாலை அதிகாரி. பேஸின் பாலத்துக்கு இப்போ குட்ஸ் பாலம்னு பேர். குட்ஸ், ராணுவ இன்ஜினீயர். அலெக்ஸாண்டர் பெயர் ரெண்டிலும் இல்லை. வண்டிகள் மட்டும் தினமும் அவர் மேலேதான் போகுது.