தாமதமாய் வருவோர்க்கான படிக்கட்டு

கடல் கடந்த மடல்: கலிபோர்னியாவிலிருந்து கீழ்வேளூருக்கு



முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் தடுப்பை உடைத்து முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தில், தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு 'டிராஃப்ட்' எனப்படும். பெரும் பல்கலைக்கழகங்களின் வீரர்களே அதில் பெரும்பாலும் தேறுகின்றனர் எனினும், சிறு கல்வி நிறுவனங்களும் உதவித்தொகை தந்து அணிகளை நடத்துவதால், பள்ளிப் பருவத்தில் பந்தையே தொடாதவருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. நைஜீரியாவில் பிறந்த கிறிஸ்டியன் ஒக்கோயே, வட்டெறிதல் வீரராக லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள அசூசா பசிபிக் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1984 ஒலிம்பிக்கிற்கான தம் நாட்டு அணியில் இடம் கிட்டாத பின்னரே, 23 வயதில் இவ்வாட்டத்தைக் கற்கத் தொடங்கினார். 1987 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1989 சீசனில் அவர் 1,480 கெஜம் ஓடி, ஓட்டக்காரர்களுள் தொழில்முறை லீக்கிலேயே முதலிடம் பெற்றார்.

இதற்கு நிகரான தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு, கிரிக்கெட் வீரர் வருண் சக்கரவர்த்தியின் வாழ்க்கையில் உள்ளது. பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பராக ஆடிய அவர், வயதுப்பிரிவுத் தேர்வுகளில் தொடர்ந்து விலக்கப்பட்டதால் 17 வயதில் ஆட்டத்தைக் கைவிட்டு, சென்னையில் கட்டடக்கலை பயின்று, அத்தொழிலிலும் ஈடுபட்டார். இருபதுகளின் நடுவில் வேகப்பந்து வீசும் ஆல்ரவுண்டராகத் திரும்பியவரை முழங்கால் காயம் முடக்கியபோது, டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பழகிய விரல் வித்தைகளைக் கொண்டு அவர் சுழற்பந்துக்கு மாறினார். வழக்கமான சுழலைவிட வேகமாக வரும் அவரது பந்து எப்பக்கம் திரும்பும் என்பதைக் கையசைவைக் கொண்டு அறிய இயலாமல், தரையில் பட்ட பின்னரே மட்டையாளர் முடிவெடுக்க நேர்கிறது. பல வேளைகளில் அதற்குள் ஸ்டம்ப் சாய்ந்துவிடுகிறது.

சென்னை கிரிக்கெட் லீக் பல டிவிஷன்களாக அடுக்கப்பட்டது. அதன் நான்காம் டிவிஷனில் ஜூப்ளி கிரிக்கெட் கிளப்புக்காக 2017-18இல் அவர் 7 ஆட்டங்களில் 31 விக்கெட் வீழ்த்தினார். 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வெல்லத் துணைநின்றார். அவ்வாண்டு டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில், 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. 2021 டி20 உலகக்கோப்பையில் ஒரு விக்கெட்டும் கிட்டாமல் மூன்றாண்டுகள் இந்திய அணிக்கு வெளியே இருந்தவர், 2024இல் மீண்டு, 2025 பிப்ரவரியில் கட்டாக்கில் 33 வயதில் முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அடுத்த மாதமே துபாயில் ஓர் ஆட்டத்தில் நியூசிலாந்தின் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இவ்விருவரின் உழைப்பையும் திறமையையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும், வயதையும் முந்தைய தேர்வுப் பட்டியலையும் கேளாத ஒரு கீழ்ப்படி இல்லாதிருந்தால், அத்திறமை வெளிப்பட்டிருக்காது. ஒக்கோயேக்கு அந்தப் படியாக அமைந்தது உண்டு உறைவிட வசதியுள்ள சிறு கல்வி நிறுவனம். வருணுக்கு, அவர் வாழ்ந்த ஊரிலேயே நடந்த நான்காம் டிவிஷன். சம்பா அறுவடை முடிந்த வயலில் தாளை மிதித்துச் சமனாக்கி டென்னிஸ் பந்து வீசும் காவிரி டெல்டா இளைஞனுக்கோ, அந்தப் படி ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. அங்கே அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவன் பந்துவீசும் முன்னரே அவனைத் தேர்விலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆகவே, இருபது வயதைக் கடந்தவரும் சேரக்கூடிய தரமான லீக்கை மாவட்ட அளவில் வளர்த்து, அதில் தேறியவருக்குக் கல்லூரிகள் விடுதி இடமும் உதவித்தொகையும் தருவது, சிறுவர் முகாம்களை மேலும் பெருக்குவதினும் உடனடித் தேவையாகும்.