ஆறப்போடுங்க பாஸ்!

ஒரு கேள்வி. சீசன் முடிஞ்ச மறுநாள் காலை அஞ்சு மணிக்கு நீங்க எங்கே இருப்பீங்க? போர்வைக்குள்ளேயா? அப்ப நீங்க புத்திசாலி. நான் திருச்சுழி ரோட்டுல ஓடிட்டு இருந்தேன்!

அருப்புக்கோட்டைதான் நம்ம ஊர். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ரெண்டு பக்கமும் வேலிக்கருவேல், நடுவுல தார் ரோடு... இதுதான் நம்ம ஸ்டேடியம். ஆறு மாசம் ஓடி, இன்டர்-காலேஜ் மீட்டுல 5,000 மீட்டர்ல நாலாவது வந்தேன். மெடல் மூணு பேருக்குத்தான். 'ஒருநாள் உட்கார்ந்தாலும் எல்லாம் போயிடும்'னு பயம். மறுநாளே ஷூ மாட்டிட்டேன்.

ரெண்டே வாரம். முழங்காலுக்குக் கீழே எலும்புல ஒரு இடத்துல விரல் வெச்சா உயிர் போச்சு. மயிரிழை விரிசல்னு சொன்ன டாக்டர், ஆறு வாரம் ஓடவே கூடாதுன்னுட்டார்.

விஷயம் இதுதான். ஓடும்போது நாம பலமாகறதில்லை, தேயறோம். பலமாகறது ஓய்வுலதான். அடி வாங்கின எலும்பை உடம்பு முதல்ல அரிச்சு எடுத்துட்டு, அப்புறம் புதுசா நிரப்புது. அரிக்கிற வேலை சில வாரத்துல முடிஞ்சிடும். நிரப்பறதுக்கு மாசக்கணக்காகும். இடைவெளியே விடாம ஓடினா..? விரிசல்தான்!

பயம் போகலையா? 1984-ல எட்வர்ட் கோய்ல் குழுவினர், நல்லா பயிற்சி எடுத்த 7 பேரை அடியோட நிறுத்தச் சொல்லி அளந்தாங்க. 21 நாள் சும்மா இருந்தும், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தற திறன் குறைஞ்சது 7 சதவிகிதம்தான். பெர்னார்ட் லகாட் தெரியுமா? 2007 ஒசாகா உலக சாம்பியன்ஷிப்ல 1,500, 5,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம். போட்டிகள்ல ஓடிட்டு இருந்த காலத்துல, சீசன் முடிஞ்சா வருஷாவருஷம் சுமார் அஞ்சு வாரம் ஓடாமலே இருந்தார். 41 வயசுல, 2016 ரியோ ஒலிம்பிக் 5,000 மீட்டர்ல அஞ்சாவது இடம்!

இதையெல்லாம் படிச்சுட்டு தாத்தாகிட்ட அளந்தேன். அவர் சிரிச்சார். "ஏய்யா, கரிசக்காட்டைப் பாத்திருக்கியா? கோடையில பாளம்பாளமா வெடிச்சு சும்மா கெடக்கும். அந்த வெடிப்பு வழியாத்தான் மொத மழை அடிவரைக்கும் எறங்கும். வருஷம் பூரா வெதச்சா காடு என்னத்துக்கு ஆகும்?"

எனக்குச் சுரீர்னுச்சு. காரணம், என் சித்தப்பா பையன். போலீஸ் வேலைக்குத் தயாராகறான். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடணும். என்னைப் பார்த்துதான் அவனும் லீவே இல்லாம ஓடினான். அவனுக்கும் அதே இடத்துல வலி. வீட்டுல சொன்னா நிறுத்திடுவாங்கன்னு மறைச்சு வெச்சிருந்தான். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடே இருக்கு.

"அண்ணே, இன்னும் மூணு மாசம்தான் இருக்கு"ன்னு கெஞ்சினான். கையோட டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். நல்லவேளை, விரிசல் இல்லை. மூணு வாரம் ரெஸ்ட். ரெண்டு நாள் என்கூட பேசலை.

இப்போ எட்டு மணி நேரத் தூக்கம், கம்பங்கூழ், முட்டை, அவிச்ச பயறு. வலி விட்டப்புறம் சாயங்காலம் குண்டாத்து மணல்ல மெதுவா ஒரு நடை. அவ்வளவுதான் பயிற்சி!

அதனால பாஸ், சீசன் முடிஞ்சா ரெண்டு வாரமாவது ஷூவைப் பரண்ல போடுங்க. காலையில எழுந்ததும் நாடி வழக்கத்தைவிட வேகமா அடிச்சாலோ, எலும்புல ஒரே இடத்துல வலிச்சாலோ, வீம்பு வேண்டாம். உங்களைப் பார்த்து பின்னாடி ஒரு தம்பி ஓடிட்டு இருப்பான். அவனுக்காகவாவது நில்லுங்க!